முழங்கால் பட்டதா

மொன்றியல்,
கார்த்திகை மாதம், ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகன் நிதுசனுக்கு,

மடு மாதா உன்னைத் தன் முந்தானைக்குள் வைத்துக் காக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டு உன் தொட்டப்பா எழுதுவது. ஞானஸ்நானத் தொட்டியடியில் உன்னைக் கையில் ஏந்தியவன் என்பதால் சின்னதிலிருந்து நீ என்னை அப்படித்தான் கூப்பிடுகிறாய். இப்போது கூப்பிடுவதும் இல்லை, நான் கூப்பிட்டால் எடுப்பதும் இல்லை. தொலைபேசியை நிறுத்திப் போட்டுவிட்டுக் கல்கரியில் போய்க் குந்தியிருக்கிறாய். எடுத்து எடுத்து அலுத்துப்போய்த்தான் பேனாவைத் தூக்கினேன். விலாசம் உன் அம்மா தந்தது. அதற்காக அவளை ஏசாதே. என் கையெழுத்து விளங்கவில்லை என்று அங்கே யாரிடமாவது கொடுத்து வாசிப்பித்துவிடாதே. மெல்ல மெல்ல நீயே எழுத்துக்கூட்டி வாசி. இது நமக்குள் இருக்க வேண்டிய கடிதம்.

அங்கே குளிர் இங்கேயைவிட மோசம் என்கிறார்கள். நல்ல சப்பாத்து வாங்கினாயா? உன் சிநேகிதன் வீட்டில் சமைக்கிற வழக்கம் உண்டா, அல்லது பீட்சாப் பெட்டிகளோடுதான் சீவியமா?

உனக்குத் தம்பியாய் வளர்ந்த என் பிள்ளை டெனிஸ்டனைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். நீ வாய்விட்டுக் கேட்க மாட்டாய், ஆனால் அதைத்தான் தேடுவாய். தொண்டையில் போட்டிருந்த குழாயைப் போன மாதமே எடுத்துவிட்டார்கள். கதைக்கிறான். குரல் காற்றுப்போல வருகிறது, காதைக் கிட்டக் கொண்டுபோக வேண்டும். வலது மணிக்கட்டு கொஞ்சம் அசைகிறது. கால்கள் அசையவில்லை. கழுத்தைச் சுற்றிப் பட்டை போட்டு இறுக்கி வைத்திருக்கிறார்கள். டொக்டர்மார் வாயால் ஒன்று சொல்கிறார்கள், முகத்தால் இன்னொன்று சொல்கிறார்கள். நான் முகத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டேன். மீசை முளைத்த பிள்ளைக்குக் கரண்டியால் தீத்துகிறேன், மகன். சின்ன வயதில் தீத்தப் போனால் வாயை இறுக்கி மூடிக்கொண்டு தலையை ஆட்டுவான். இப்போது சொன்னவுடன் திறக்கிறான். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

அவனுடைய குழுப் பிள்ளைகள் இறுதியாட்டப் பந்தில் எல்லோரும் கையெழுத்துப் போட்டுக் கொண்டுவந்து தந்தார்கள். கட்டிலுக்கு நேரே சன்னலடியில் வைத்திருக்கிறேன். கண்ணைத் திறந்தால் முதலில் தெரிவது அதுதான். வருகிற சனம் எல்லாம் அந்தப் பந்தைக் காட்டி, தம்பி, என்ன மாதிரி ஒரு டச்டவுன் என்று சொல்லும்போது அவன் சிரிக்கிறான். அந்தச் சிரிப்புக்காகவே வருகிறவர்களுக்கெல்லாம் நான் முதலே சொல்லிவைத்திருக்கிறேன், அதைக் கேளுங்கோ என்று.

நடந்ததை உனக்குச் சொல்லத் தேவையில்லை, நீ நடுவராகக் கோட்டடியில் விசிலோடு நின்றவன். ஆனாலும் நான் கண்டதை எழுதுகிறேன். ஒத்துப் பார்.

அஹுன்ட்சிக் மைதானத்தில் அன்றைக்கு எங்கள் கோயில் பங்குச் சனம் பாதிக்கு மேல் நின்றது. பனிக்காற்றில் மூக்கு ஒழுக ஒழுக நின்றோம். மன்னாரில் நான் ஆடியது உருண்டைப் பந்து; பனங்கொட்டை மாதிரி ஒன்றைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடுவதற்கும் ஃபுட்போல் என்று பேராம் என்று பழித்துத் திரிந்தவன் நான். எங்கள் வீட்டு சோபாவில் இருத்தி, பொறுமையாக இந்த அமெரிக்கன் விளையாட்டின் சட்டமெல்லாம் எனக்கு விளங்கப்படுத்தியவன் நீ. ஆகவே நான் விளங்கித்தான் பார்த்தேன். ஆட்டம் முடியப் போகிறது, எங்கள் பிள்ளைகள் புள்ளியில் பின்னால் நிற்கிறார்கள், பந்தோடு கோட்டைத் தாண்டி டச்டவுன் ஒன்று வைத்தால் கிண்ணம். டெனிஸ்டன் பந்தை வாங்கி வலப்பக்கமாக ஓடி உள்ளே வெட்டினான். ஒருவன் இடுப்பைப் பிடித்துத் தொங்கினான். கோட்டுக்கு ஒரு முழம் இருக்கச் சரிந்தான். அந்த நேரம் எதிர்க்குழுவில் இன்னொரு பிள்ளை பக்கவாட்டில் வந்து மோதினான். பந்தோடு டெனிஸ்டன் கோட்டுக்கு அப்பால் போய் விழுந்தான். நீ இரண்டு கையையும் மேலே தூக்கினாய். நான் பக்கத்தில் நின்ற றெனோல்டை, அந்தப் பெரிய உடம்பை, கட்டிப்பிடித்துத் தூக்கினேன். எங்கள் பங்கிலிருந்து கறுப்பு வெள்ளை வரிச் சட்டை போட்ட முதல் நடுவரும் எங்கள் பிள்ளை, கோட்டைத் தாண்டியவனும் எங்கள் பிள்ளை. டெனிஸ்டன் எழும்பவில்லை என்பதை அதற்குப் பிறகுதான் கண்டோம்.

இனி வழக்கு இவ்வளவுதான். எதிராளி பிடித்திருக்கும்போது ஓடுகிறவனின் முழங்கால் நிலத்தில் பட்டால் அந்த ஓட்டம் அந்த இடத்திலேயே முடிந்துவிடும். அவன் முழங்கால் கோட்டுக்கு இந்தப் பக்கம் பட்டிருந்தால் டச்டவுன் இல்லை, கிண்ணமும் இல்லை. படவில்லை என்றால் நீ தூக்கிய கை சரி. ஆனால் பட்டிருந்தால் இன்னொன்றும் இருக்கிறது. நீ விசில் ஊதியிருக்க வேண்டும். ஊதியிருந்தால் அந்த மற்றப் பிள்ளை வந்து மோதியிருக்க மாட்டான். இதை நான் சொல்லவில்லை. உன் தொட்டம்மா அக்னெஸ் சொல்கிறாள். சொன்னது ஒரேயொரு தரம்தான், பிறகு என்னோடு கதைப்பதையே விட்டுவிட்டாள்.

அது ஏன் என்றும் சொல்லிவிடுகிறேன், வேறு வாயால் நீ கேட்க முதல். போன மாதக் கடைசி ஞாயிறு பூசை முடிந்து கீழ் மண்டபத்தில் தேத்தண்ணியும் ரோல்ஸும் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். வழக்கம்போல முழங்கால் கதைதான். ஞாயிறு தவறாமல் தொலைக்காட்சியில் ஆட்டம் பார்க்கிறவன் என்பதால் றெனோல்டுக்குத் தான் பெரிய பண்டிதர் என்று நினைப்பு. படேல்லை, சத்தியமாப் படேல்லை என்று அடித்துச் சொன்னான். அன்டன் தன் போனில் வீடியோவை நிறுத்தி நிறுத்திக் காட்டி, அந்தச் செயற்கைப் புல்லுக்குள் போட்டிருக்கிற கறுப்பு றப்பர்த் துகள் எழும்புதே, முழங்கால் படாமல் துகள் எப்படி எழும்பும் என்று கேட்டான். அது மற்றவனுடைய சப்பாத்தால் எழும்பினது என்று இவன். சின்னத் திரையில் ஒன்றும் தெரியவில்லை என்று யாரோ சொல்ல, மேலே பாட்டு வரிகள் போடுகிற புறொஜெக்டரை இறக்கிக் கொண்டுவந்து மண்டபச் சுவரில் போட்டார்கள். சுவர் முழுக்க எங்கள் பிள்ளை. சரிகிறான், நிற்பாட்டு, பின்னுக்கு எடு, சரிகிறான், மற்றவன் வந்து மோதுகிறான், நிற்பாட்டு. ஒரு பக்கம் பட்டது பட்டது என்கிறது, ஒரு பக்கம் படேல்லை என்கிறது. எல்லாருக்கும் மேலாகக் கத்தினவன் நான். படேல்லை, நல்லா வடிவாப் பாருங்கோ, என்ரை பிள்ளை விழேல்லை என்று தொண்டை கிழியக் கத்தினேன். திரும்பிப் பார்த்தால் குசினி வாசலில் அக்னெஸ். கையில் கோப்பைத் தட்டு. எவ்வளவு நேரம் நின்றாளோ தெரியாது. அவளுக்கு முன்னால் அவள் பிள்ளையின் கழுத்து சுவரில் திரும்பத் திரும்ப முறிந்துகொண்டிருந்திருக்கிறது. நாங்கள் எல்லாரும் முழங்காலைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறோம்.

அவள் கத்தவில்லை. தட்டை மேசையில் வைத்தாள். பங்குச் சுவாமிதான் வயரை இழுத்துப் பிடுங்கினார். அன்றிலிருந்து வீட்டில் எனக்குச் சாப்பாடு இருக்கும், உடுப்புத் தோய்த்து இருக்கும், பேச்சு இருக்காது. கார்தெரியில் குழந்தைகளுக்குச் சமைக்கிற வேலை முடிந்ததும் நேரே ஆஸ்பத்திரிக்குப் போகிறாள். மோதின அந்த ஹெயிட்டிப் பிள்ளையின் தாய் அடிக்கடி வருகிறா. இரண்டு பேரும் கீழே உள்ள சிற்றாலயத்தில் பக்கத்தில் பக்கத்தில் இருக்கிறார்கள். அரைகுறைப் பிரெஞ்சும் செபமாலையும்தான் அவர்களுக்குப் பொதுப் பாசை. அவவோடு கதைக்கிறாள், என்னோடு கதைக்கிறாள் இல்லை. எனக்குக் கோபம் வரத்தானே செய்யும்?

இப்போது கடிதத்தின் காரணத்துக்கு வருகிறேன். தோற்ற குழு முறைப்பாடு செய்திருக்கிறது, உனக்குத் தெரியும். எங்கள் பங்கின் முகநூல் பக்கத்தில் யாரோ ஆர்வக்கோளாறு பிடித்தவர்கள், பந்து வைத்தவரும் தீர்ப்புச் சொன்னவரும் ஞானச் சகோதரர்கள் என்று உன் ஞானஸ்நானப் படத்தையும் சேர்த்துப் போட்டு ஆண்டவருக்கு நன்றி சொல்லியிருந்தார்கள். அதைத் தோற்ற பக்கத்தார் பிடித்துக்கொண்டார்கள். நடுவர் சொந்தத் தம்பிக்குத் தீர்ப்புச் சொன்னார் என்கிறார்கள். நீ ஆட்டத்துக்கு முதலே பெரிய நடுவரிடம், அவன் என் ஞானத்தகப்பனின் மகன் என்று சொன்னதும், அதெல்லாம் சொந்தமா என்று அவர் சிரித்ததும் எனக்குத் தெரியும். இவர்களுக்கு ஞானத்தகப்பன் என்றால் நத்தார்ப் பண்டிகைக்குப் பரிசு தருகிற ஆள். எங்களுக்கு அப்படி இல்லை என்று இவர்களுக்கு எப்படி விளங்கும்?

வீடியோவில் முடிவு சொல்ல முடியவில்லையாம். அதனால் கோட்டடியில் நின்ற நடுவரின் வாய்மொழிதான் கடைசி என்று லீக் குழு அறிவித்திருக்கிறது. மார்கழி முதற் சனிக்கிழமை நீ கணினியில் அவர்கள் முன்னால் வந்து சொல்ல வேண்டும். உன் அம்மா நிரஞ்சனி நேற்று வில்லரேயிலிருந்து நடந்தே வந்தாள். கோயிலில் இப்போது கடைசி வரிசை வாங்கில் தனியாகத்தான் இருக்கிறாள். நீ ஓடிப்போனதிலிருந்து சனம் அவளுக்குப் பக்கத்தில் இருப்பதில்லை. படியில் நின்றபடியே, அண்ணை, அவன் தன்ரை தீர்ப்புப் பிழை எண்டு சொல்லப் போறானாம், நீங்கதான் ஒருக்காச் சொல்ல வேணும் என்று அழுதாள். உள்ளே வரச் சொன்னேன். அக்னெஸ் இருக்கிறாள் என்று தெரிந்ததும் திரும்பிப் போய்விட்டாள்.

மகன், உனக்கு என்ன விசரா? அன்றைக்கு ஆஸ்பத்திரி நடையில் நீ என் கையைப் பிடித்து, தொட்டப்பா, நான் என்று ஏதோ தொடங்கினாய். நான் உன்னை முடிக்க விடவில்லை. நல்ல தீர்ப்புக் குடுத்தாய் மகன், உன்ரை கண் பிழைக்காது என்று முதுகில் தட்டினேன். அடுத்த நாளே பேருந்து ஏறிவிட்டாய். குற்றவாளி ஓடுகிற மாதிரி ஓடினால் சனம் கதைக்காதா?

பிழை என்று நீ சொன்னால் என்ன நடக்கும் என்று யோசித்தாயா? கிண்ணத்தைப் பிடுங்குவார்கள். உன் மேல் வழக்குப் போடு என்று அக்னெஸின் தமையன் இப்போதே நிற்கிறார். அதெல்லாம் கிடக்கட்டும். அந்தப் பிள்ளைக்கு இனி என்ன இருக்கிறது? ஓட்டம் போய்விட்டது. படிப்பு என்னவாகும் தெரியாது. ஒரு கலியாணம் காட்சி என்று நான் நினைத்துப் பார்ப்பதையே விட்டுவிட்டேன். அவனுடைய கால்கள் கடைசியாகச் செய்த வேலை அந்த டச்டவுன். அதையும் பறிக்க உனக்கு மனம் வருமா? முழங்கால் படவில்லை என்று சொல். நீ கண்டது அதுதான் என்று சொல். உன்னைத் தூக்கி வளர்த்தவன் கேட்கிறேன். இதற்கு மேல் உன்னிடம் ஒன்றும் கேட்க மாட்டேன்.

பேக்கரியின் பாண் வாகனம் ஓட்டுகிற வேலைக்கு விடியவே போக வேண்டும். நிறுத்துகிறேன்.

புதன்கிழமை

மகன்,

மேலே எழுதியதை ஞாயிறே மடித்து உறைக்குள் போட்டுவிட்டேன். முத்திரை வாங்கத் தெருமூலைத் தெப்பனர் கடைக்குப் போகவில்லை. போயிருந்தால் இதற்குள் அது உன் பக்கம் பாதித் தூரம் வந்திருக்கும். கிழித்துப் போடலாம் என்று பார்த்தேன். பிறகு வேண்டாம் என்று விட்டேன். அதையும் சேர்த்தே அனுப்புகிறேன். உன்னைப் பொய் சொல்லச் சொன்னது யார் என்று நீ தெரிந்துதான் இருக்க வேண்டும்.

நேற்று வேலை முடித்து மத்தியானம் டெனிஸ்டனிடம் போனேன். மனம் கொஞ்சம் இலேசாக இருந்தது. முகம் துடைத்துவிட்டு, அவனுக்குச் சந்தோசமாக இருக்கட்டும் என்று, விசாரணையைப் பற்றி இனிப் பயமில்லை, அண்ணாவுக்குக் கடிதம் எழுதிட்டன், அவன் சரியாச் சொல்லுவான், உன்ரை டச்டவுனை ஒருத்தராலும் பறிக்க ஏலாது என்று சொன்னேன். அவன் கண்ணை மூடிக்கொண்டான். நித்திரையாக்கும் என்று நான் கதிரையை இழுத்து இருந்தேன். கொஞ்ச நேரத்தால், அப்பா, அந்தப் பந்தை அங்கால எடுங்கோ என்றான். வெளிச்சம் கண்ணில் அடிக்கிறதாக்கும் என்று கொஞ்சம் தள்ளி வைத்தேன். இல்லை அப்பா, அறைக்கு வெளியில என்றான். உனக்குத்தான் தெரியுமே, அவன் தமிழில் சண்டை பிடிக்க மாட்டான், கோபம் வந்தால் பிரெஞ்சுக்குப் போய்விடுவான். நேற்றுத் தமிழிலேயே சொன்னான். நான் ஒரு சொல்லும் தவறாமல் விளங்கிக்கொள்ள வேண்டும் என்று நினைத்திருக்கிறான்.

முழங்கால் பட்டது அப்பா என்றான். பட்டது எனக்குத் தெரியும், நிலம் முட்டினது எனக்குத் தெரியும். பட்டவுடன ஓட்டம் முடிஞ்சுது எண்டு உடம்பை விட்டிட்டன். பிறகுதான் அவன் வந்து அடிச்சவன். அந்த அடிதான் என்னைத் தூக்கிக் கொண்டுபோய் உள்ளுக்குப் போட்டது. நான் ஓடி வைக்கேல்லை அப்பா. நீங்க எல்லாரும் வந்து வந்து கொண்டாடுறது என்ரை கழுத்து முறிஞ்சதை. இப்படிச் சொன்னான்.

நான் எழும்பி நின்றேன். பிறகு திரும்ப இருந்தேன். என்ன செய்தேன் என்று சரியாக ஞாபகம் இல்லை. ஏன் எனக்கு முதலே சொல்லவில்லை என்று கேட்டேன். தாய்க்கு, குழாய் எடுத்த உடனேயே சொல்லிவிட்டானாம். அப்பாவுக்குச் சொல்லாதேங்கோ, அவருக்கு அது ஒண்டுதான் சந்தோசம் என்று அவன்தான் அவளின் வாயைக் கட்டியிருக்கிறான். நான் அவனுக்காகப் பந்தைத் தூக்கி வைத்தேன், அவன் எனக்காகச் சிரித்தான். எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் அக்னெஸ் எல்லாம் தெரிந்துகொண்டு, மண்டபச் சுவரைப் பார்த்து நான் படேல்லை என்று கத்துவதையும் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறாள். இனி அவள் என்னோடு ஏன் கதைக்கவில்லை என்று உனக்கு நான் விளங்கப்படுத்த வேண்டுமா?

இன்னுமொன்று சொன்னான். அதை எழுதுவதா விடுவதா என்று காலையிலிருந்து யோசிக்கிறேன். எழுதுகிறேன். விசில் கேட்கும்வரை உடம்பை விடக் கூடாது என்றுதானே உங்களைப் பழக்குகிறார்கள், நீ ஏன் விட்டாய் என்று கேட்டேன். கொஞ்சமாவது கோபத்தை யார் மேலாவது போட வேண்டும் போல இருந்தது எனக்கு. அதற்கு அவன், வேறை ஆள் நிண்டிருந்தா இறுக்கிப் பிடிச்சிருப்பன் அப்பா, அண்ணா நிக்கிறார், அவர் ஊதுவார் எண்டுதான் விட்டன் என்றான். உன் மேல் குற்றம் சொல்கிற குரலில் சொல்லவில்லை. மழை பெய்தது என்று சொல்கிற மாதிரிச் சொன்னான். பிறகு என்னிடம் கேட்டான், அண்ணா ஏன் ஊதேல்லை?

அதை நான் உன்னிடம்தான் கேட்க வேண்டும். நீ காணவில்லையா? கண்டும் வாய் எழும்பவில்லையா? அல்லது தம்பி எப்படியாவது கோட்டைத் தாண்டட்டும் என்று ஒரு மூச்சுப் பொறுத்தாயா? அன்றைக்கு ஆஸ்பத்திரி நடையில் நீ சொல்ல வந்தது அதுதானா? நான்தான் உன் வாயை மூடினேன். அவன் உன்னை நம்பி உடம்பை விட்டிருக்கிறான், நீ அவனில் ஆசைப்பட்டு விசிலை விட்டிருக்கிறாய் என்றால், அப்படி ஒரு கொடுமையை நான் யாரிடம் போய் முறையிடுவேன்? எந்த லீக் அதைத் தீர்க்கும்? சொந்தம் இல்லை என்று அந்தப் பெரிய நடுவர் சிரித்தாரே, அவரைக் கூப்பிட்டு இதைக் காட்டவா?

நேற்றுப் பின்னேரம் வீட்டுக்கு வந்து அக்னெஸிடம், பிள்ளை எனக்கும் சொல்லிவிட்டான் என்றேன். கறிக்கு வெங்காயம் வெட்டிக்கொண்டு நின்றாள். கத்தியை வைத்துவிட்டு, என்னைப் பார்க்காமல் மேசையையே பார்த்துக்கொண்டு, அவனை வரச் சொல்லுங்கோ என்றாள். இத்தனை நாளைக்குப் பிறகு என்னோடு பேசிய முதல் பேச்சு அது. உனக்கு எழுதுகிறேன் என்று தெரியும் அவளுக்கு. நான் மன்னிச்சிட்டன் எண்டு எழுதாதேங்கோ, நான் மன்னிக்கேல்லை, ஆனா வரச் சொல்லுங்கோ, என்ரை பிள்ளை கேட்கிறதுக்கு அவன்தான் பதில் சொல்ல வேணும் என்றாள். பிறகு வெங்காயத்தை வெட்டினாள். அவள் சொன்னதை அப்படியே எழுதியிருக்கிறேன், கூட்டவும் இல்லை குறைக்கவும் இல்லை.

ஆகவே மகன், ஞாயிறு கேட்டதைத் திருப்பி எடுக்கிறேன். சனிக்கிழமை அவர்கள் முன்னால் வந்து முழங்கால் பட்டது என்று சொல். விசில் வரவில்லை என்று சொல். ஏன் வரவில்லை என்று அவர்கள் கேட்டால், சொல்லக்கூடியதைச் சொல். கிண்ணத்தைக் கொண்டுபோகட்டும். உன் சட்டையைக் கழற்றச் சொன்னால் கழற்றிக் கொடு. வழக்கு என்று அக்னெஸின் தமையன் ஆடுவார், அதை நான் பார்த்துக்கொள்கிறேன். எங்கள் பங்குச் சனம் கொஞ்ச நாள் குதிக்கும். றெனோல்ட் வந்து எனக்கு விளையாட்டுச் சட்டம் படிப்பிப்பான். அவனை நான் கவனித்துக்கொள்கிறேன். அதோடு, உன் அம்மாவுக்குப் பக்கத்தில் இந்த ஞாயிறு போய் இருக்கப் போகிறேன். யார் என்ன சொன்னாலும் சரி.

ஆனால் அவர்களிடம் சொல்வதோடு முடிந்துவிட்டது என்று நினைக்காதே. லீக் குழுவிடம் கணினியில் சொல்லலாம். டெனிஸ்டனிடம் அப்படி முடியாது. நீ வர வேண்டும். நேரே ஆஸ்பத்திரிக்கு வா, வீட்டுக்குப் பிறகு போகலாம். தொட்டம்மா அங்கே இருப்பாள். உன்னைப் பார்த்தால் எழும்பிப் போனாலும் போவாள், ஏசினாலும் ஏசுவாள். ஏசினால் கேட்டுக்கொண்டு நில், வாய் திறக்காதே. எனக்கும் உன்னைக் கண்டவுடன் என்ன வரும் என்று தெரியாது. கட்டிப்பிடிப்பேன் என்று வாக்குக் கொடுக்க மாட்டேன். உன்னில் கோபம் இல்லை என்று எழுதினால் அது இன்னொரு பொய். ஆனால் உன்னைத் தேடுகிறேன், மகன். அதுவும் உண்மை. சாப்பாட்டு மேசையில் நீ இருக்கிற கதிரையில் இப்போது நான் பாண் பையைத்தான் வைக்கிறேன்.

அவன் கேட்டதற்கு உண்மையைச் சொல். எது உண்மையோ அதை. அவன் மனம் நோகும் என்று இனிமேல் அவனிடம் ஒருவரும் ஒன்றும் மறைக்கக் கூடாது. நாங்கள் மறைத்ததெல்லாம் போதும்.

வரும்போது ஒன்றைக் கவனி. அவனால் வாசல் பக்கம் தலையைத் திருப்ப முடியாது. பார்க்க வருகிற பலர் கதவடியிலேயே நின்று அழுதுவிட்டுப் போகிறார்கள். அவனுக்குச் சத்தம் மட்டும்தான் கேட்கிறது, யார் என்று தெரிவதில்லை. நீ அப்படிச் செய்யாதே. உள்ளே வந்து, கட்டிலைச் சுற்றி, அவன் கண்ணுக்கு நேரே போய் நில். அவ்வளவு தூரம் நடந்து வரும் பலத்தை ஆண்டவர் உன் கால்களுக்குத் தரட்டும்.

இப்படிக்கு,
உன் தொட்டப்பா
பற்றிக்